தொலைதூர வேட்டைக்குப் பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப், டிரைபாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிப் பல வருடம் கழித்து வேட்டைப் பக்கம் திரும்பும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அரிசோனா குலுக்கலில் மான் டேக் (ஒரு மானை வேட்டையாடும் அனுமதிச்சீட்டு) விழுந்துவிட்டது, துப்பாக்கியும் பழகியாயிற்று, அடுத்து என்ன வாங்குவது என்று கேட்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை. அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், சாண்டா ரீட்டா, சிரிகாவா மாதிரியான மலைகளில் கூஸ் மான் தேடுவதை மனத்தில் வைத்து எழுதியது. அடர்ந்த காட்டுக்குள் ஐம்பது மீட்டரில் மானைப் பார்க்கும் கிழக்கு மாநிலக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஒரு மானைப் பார்க்க இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு?

கூஸ் மான் வெள்ளைவால் மானின் சிறிய வகைகளில் ஒன்று. வளர்ந்த ஆண் மான் 45 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். ஓக் மரத்தடியில் படுத்துவிட்டால் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நடந்து போய்த் தேடினால் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிடும். அதனால் இந்த ஊர் வேட்டைக்காரர்கள் விடிவதற்கு முன் ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்து, எதிர்மலையைப் பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவுகிறார்கள். இதற்கு இங்கே ‘கிளாசிங்’ என்று பெயர். எதிர்மலை என்றால் 800 மீட்டர், சில சமயம் இரண்டு கிலோமீட்டர்.

இன்னொரு காரணமும் உண்டு. வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதை அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் கேமராவைக் கட்டிவிட்டு வீட்டில் படம் பார்த்த காலம் போய்விட்டது. கண்தான் மிச்சம்.

என்கிட்ட 10×42 இருக்கு. அது போதாதா அண்ணா?

10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-இல். கையில் பிடித்துப் பார்த்தால் போதாது. டிரைபாடில் ஏற்றினால் முதல் சீசனுக்குப் போதும்.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல கண்ணுக்கு ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 29 செ.மீ. அளவுள்ள பொருள்தான் பிரித்துத் தெரியும். 10 மடங்கு பைனாகுலரில் அது 3 செ.மீ. ஆகிறது, 15 மடங்கில் 2 செ.மீ. கொம்பின் கிளை தெரிவதும் தெரியாததும் கிட்டத்தட்ட அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் கண்ணாடி அசையாமல் நிற்கும்போதுதான். கையில் பிடித்தால் நம் இதயத்துடிப்பையும் அந்தக் கண்ணாடி 10 மடங்கு பெருக்கிக் காட்டும். மானின் காது ஆடுகிறதா, உங்கள் கை ஆடுகிறதா என்று தெரியாது. கிளாசிங்கில் தேடுவதே அந்தச் சின்ன அசைவைத்தான்.

எனவே நான் எல்லோருக்கும் சொல்வது: 10×42 வைத்திருப்பவர் அடுத்து வாங்க வேண்டியது 15×56 இல்லை, ஒரு நல்ல டிரைபாட். அதே பழைய பைனாகுலரை அதில் ஏற்றிப் பாருங்கள். கடைக்காரர் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் வற்புறுத்தவில்லை. நண்பரிடம் ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கிப் பாருங்கள், போதும்.

சரி, பிறகு 15×56 வாங்கலாமா, 12×50-யா, 18×56-ஆ?

இந்த மூன்றில் எனக்குக் கேள்வியே இல்லை, 15×56. அரிசோனாவிலும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோராவிலும் பல வருடமாக ஓடும் அளவு இதுதான். ஆயிரம் மீட்டரில் 75 முதல் 80 மீட்டர் அகலம் தெரியும். ஒரு சரிவைத் தேட அது போதுமான அகலம். 10×42-ல் 110 மீட்டர் பக்கம் தெரியும், ஆனால் படுத்த மான் அதில் ஒரு புள்ளி.

18×56 மோசமில்லை. ஆனால் 56-ஐ 18-ஆல் வகுத்தால் 3.1. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அவ்வளவு மி.மீ. தான். 15×56-ல் அது 3.7. மான் எழுந்து மேய்வது விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கல் நேரத்தில் இந்த அரை மி.மீ. உறைக்கும். 12×50 கையிலும் பிடிக்கலாம், டிரைபாடிலும் ஏற்றலாம் என்று விற்பார்கள். ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்க முடியும் என்பவருக்கு அது நல்ல சமரசம். கழுத்தில் ஏற்கெனவே 10×42 தொங்குகிறது என்றால் அது தேவையே இல்லை.

விலை சொல்கிறேன், டாலரில், தோராயமாக. 500 பக்கத்தில் வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் மாதிரியானவை. ஆயிரத்துச் சொச்சத்தில் நடுத்தரம், அதிலேயே ஸைஸ் கான்க்வெஸ்ட் போல மேல்படிக்கு நெருங்கி வருபவையும் உண்டு. 2,500-ஐத் தாண்டினால் ஸ்வரோவ்ஸ்கி. நடுத்தரத்துக்கும் மேல்தட்டுக்கும் உள்ள வித்தியாசம் கடை வாசலில் பட்டப்பகலில் தெரியவே தெரியாது. ஐந்து மணி நேரம் பார்த்தபின் கண் எரிகிறதா என்பதில்தான் தெரியும்.

மலிவான 15× வாங்கினால் என்னதான் கெட்டுப்போகும்?

தலைவலி. இரண்டு குழலும் ஒரே புள்ளியைப் பார்க்கவில்லை என்றால் மூளை இரண்டு படத்தையும் இழுத்து ஒட்ட வேலை செய்துகொண்டே இருக்கும். 8 மடங்கில் மன்னிக்கப்படும் பிசகு 15 மடங்கில் மன்னிக்கப்படாது.

கடையிலேயே சோதிக்கலாம். டிரைபாடில் ஏற்றி, தூரத்தில் ஒரு மின்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். கண்ணை மூடிச் சில நொடி கழித்துச் சட்டென்று திறங்கள். திறந்த கணத்தில் சட்டம் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றாகச் சேர்ந்தால் அந்தப் பீஸ் வேண்டாம், அதே மாடலில் வேறு ஒன்றைக் கேளுங்கள். அப்புறம் வெளிர் வானத்தை ஒட்டி நிற்கும் ஆண்டெனாவைப் பாருங்கள். ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிகிறதா? கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஓரத்தில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். நடுவிலேயே கசிந்தால் கொம்பின் கிளை கிளையாகத் தெரியாது. கடைசியாக, கட்டிடத்தின் நிழல் விழும் மூலையைப் பாருங்கள். வெயிலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். மான் இருப்பது நிழலில்.

மனைவிக்கும் எனக்கும் ஒரே பைனாகுலர் ஒத்து வருமா?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 56 மி.மீ. பைனாகுலர்கள் தடிமனானவை. சிலவற்றை எவ்வளவு மடக்கினாலும் இரண்டு ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) இடைவெளி 60 மி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும். கண்கள் நெருங்கி அமைந்தவர்களுக்கு வட்டம் ஒன்றாகச் சேராது, இரு பக்கமும் கருநிழல் வரும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணிலிருந்து குறைந்தது 16 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் விலை குறைவு என்று ஆர்டர் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் கட்டாயமா?

கட்டாயமில்லை. அது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கி. மானைக் கண்டுபிடிப்பது பைனாகுலர். கண்டுபிடித்த மான் ஆணா, கொம்பு எத்தனை கிளை, அவ்வளவு தூரம் ஏறிப் போகத் தகுமா என்று முடிவு செய்வது ஸ்பாட்டிங் ஸ்கோப். ஸ்கோப்பை வைத்துத் தேட ஆரம்பித்தால் ஒற்றைக் கண்ணில், 60 மடங்கில், ஆயிரம் மீட்டரில் இருபது மீட்டர் சொச்சம் அகலத்தைப் பார்த்துக்கொண்டு பொழுது போய்விடும்.

வாங்குவதென்றால் 65 மி.மீ., 85 மி.மீ. என்று இரண்டு வழி. முதுகில் சுமந்து நாலு மணி நேரம் ஏறுபவருக்கு 65. வண்டியை நிறுத்திவிட்டு அரை மணியில் உட்கார்ந்துவிடுபவருக்கு 85. அட்டையில் 60× என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85-ஐ 60-ஆல் வகுத்தால் 1.4 மி.மீ. ஒளிவட்டம். அந்தி வெளிச்சத்தில் படம் இருண்டுவிடும். பகலில் வேறு தொல்லை, அது கானல்.

கானல் வந்தால் என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது, உருப்பெருக்கத்தைக் குறைப்பதைத் தவிர. வெயில் ஏறினதும் பாலைநிலத்திலிருந்து கிளம்பும் சூடான காற்று படத்தை நெளிய வைக்கும். கண்ணாடி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். டிசம்பர் குளிரிலேயே பத்து மணிக்கு மேல் பல நாள் 40 மடங்கைத் தாண்டினால் கொம்பு குழம்பித் தெரியும். 25-க்கு இறக்கினால் படம் சின்னதாகும், ஆனால் தெளியும். முடிந்தால் நிழலில் இருக்கும் சரிவைப் பாருங்கள்.

கானலால் ஒரு லாபமும் உண்டு. ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து பார்த்தால் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அது இடையில் வீசும் காற்றின் திசை. நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்களை நோக்கியோ உங்களிடமிருந்தோ நேர்க்கோட்டில் வீசுகிறது.

வளைந்த ஐபீஸா, நேர் ஐபீஸா?

வளைந்தது. மலை உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்காது, உயரம் வேறுபட்ட இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கலாம், டிரைபாடையும் தாழ்வாக வைக்கலாம். கார் ஜன்னலில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நேரானது வசதி.

ஸ்வரோவ்ஸ்கி 2017-ல் பிடிஎக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய ஸ்பாட்டிங் ஸ்கோப் லென்ஸுக்குப் பின்னால் இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஐபீஸ், 85 மி.மீ. லென்ஸில் 30 மடங்கு. பார்த்தால் ஆசை விடாது. விலையைக் கேட்டால் விட்டுவிடும்.

டிரைபாடில் எதைப் பார்த்து வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கிளாசிங் செய்பவர் நிற்பதில்லை, உட்காருகிறார். ஆகவே ஆறடி உயரம் போகிறதா என்பதை விட, தரையில் உட்கார்ந்த உங்கள் கண் மட்டத்துக்கு நடுக்கம்பத்தைத் தூக்காமலே வருகிறதா என்பது முக்கியம். நடுக்கம்பத்தை ஏற்றிய மறுகணமே மூன்று கால் டிரைபாட் ஒற்றைக் குச்சி ஆகிவிடுகிறது. கழற்றி எறியக்கூடிய நடுக்கம்பம் என்றால் உத்தமம். எறிந்துவிடுங்கள், அரைக் கிலோ எடை வரைகூட மிச்சமாகலாம்.

கால்கள் மூன்று துண்டா நாலு துண்டா? மூன்று துண்டு உறுதி, நாலு துண்டு மடித்தால் பையில் அடங்கும். கடைசித் துண்டு பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் வேண்டாம். காலை நீட்டும்போது தடித்த மேல்துண்டை முதலில் நீட்டுங்கள், மெலிந்ததைக் கடைசியாக. பலர் தலைகீழாகச் செய்வார்கள்.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்றால், பணம் இருந்தால் கார்பன். எடை குறைவு என்பது ஒன்று. அதைவிட, காற்று அடித்தபின் அதிர்வு சீக்கிரம் அடங்கும். விடியற்காலைக் குளிரில் வெறுங்கையால் பிடிக்கவும் முடியும். பணம் இல்லையென்றால் நூறு நூற்றைம்பது டாலர் ஸ்லிக் அலுமினிய டிரைபாட் ஒன்றும் குறைந்துவிடாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பைனாகுலரை ஏற்றி, தூரத்தில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே டிரைபாடின் காலை விரலால் சுண்டுங்கள். படம் ஒரு நொடியில் நின்றால் சரி. மூன்று நொடி வரை ஆடிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். காற்று ஓயாமல் அடிக்கும் மேட்டில் அந்த மூன்று நொடி முடியவே முடியாது. நடுவில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும்.

முறுக்கிப் பூட்டும் கால்களில் மணல் புகும். ஊர் திரும்பியதும் கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை மலை மேல் ஒரு கால் இறங்க மறுக்கும்.

ஹெட் (டிரைபாடின் உச்சியில் கண்ணாடியைத் தாங்கித் திருப்பும் பகுதி) எது? கேமராவுக்கு வைத்திருக்கும் பால் ஹெட்டே போதாதா?

போதாது. பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் சாயும். கிளாசிங்குக்கு வேண்டியது படுக்கைவாட்டில் மெதுவாக ஒரு கோடு, பிறகு கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி ஒரு கோடு. இதற்குச் சின்ன ஃப்ளூயிட் ஹெட் அல்லது பேன் ஹெட். கைப்பிடியை விட்டதும் கண்ணாடி மூக்குக் குத்திச் சரியக்கூடாது, தள்ளினால் திக்கித் திக்கியும் நகரக்கூடாது. ஹெட் நன்றாக இருந்து கால்கள் சுமாராக இருந்தால் சமாளிக்கலாம். தலைகீழாக இருந்தால் நாள் முழுக்க எரிச்சல்தான்.

பைனாகுலரின் இரு குழலுக்கும் நடுவே, முன்பக்கம், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகினால் உள்ளே கால் அங்குலத் திருகுத் துளை. அதில் ஒரு குமிழை மாட்டி, ஹெட்டில் உள்ள பிடியில் செருகினால் வேலை முடிந்தது. ஃபீனிக்ஸில் உள்ள அவுட்டோர்ஸ்மன்ஸ் நிறுவனத்தின் குமிழ் இங்கே பலரிடம் இருக்கும். சில மாடல்களில் அந்தத் துளையே கிடையாது, அவற்றுக்குப் பட்டை போட்டுக் கட்டும் அடாப்டர். வாங்கும் முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்டெபிலைஸ்டு பைனாகுலர் வாங்கினால் டிரைபாடே வேண்டாம் என்கிறார்களே?

கேனன் பல வருடமாகச் செய்கிறது, இப்போது சிக் சாவரும் செய்கிறது. பட்டனை அழுத்தினால் கை நடுக்கம் அடங்கும், அது நிஜம். நடக்கிற வழியில் நின்று நின்று பார்ப்பவருக்கு, அடாப்டரும் குமிழும் பிடிக்காதவருக்கு நல்லது. ஆனால் நாலு மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்திருப்பது யார்? தோள் கழன்றுவிடும். மேலும், மானைக் கண்டபின் கண்ணை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பி வந்தால், டிரைபாடில் மான் அதே வட்டத்துக்குள் இருக்கும். கையில் பிடித்ததில் மறுபடி தேட வேண்டும்.

துப்பாக்கி ஸ்கோப்பே 25 மடங்கு. அதிலேயே பார்த்துக்கொள்ளலாமே?

கூடவே கூடாது. ஸ்கோப் வழியாகப் பார்க்கிறீர்கள் என்றால் குழல் அந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று அர்த்தம். எதிர்மலையில் அசைந்தது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம், குழந்தையோடு நடைபயணம் போகிறவராக இருக்கலாம். பார்ப்பதற்குப் பைனாகுலர், சுடுவதற்கு மட்டும் ஸ்கோப். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

துப்பாக்கிக்கு 3-15 அல்லது 4-16 மடங்கு தாராளம். அதிகம் பெருக்கினால் பார்வைப்புலம் சுருங்கி, சுட்டதும் துப்பாக்கி உதைத்து, மான் எங்கே போனது என்றே தெரியாமல் போகும்.

இந்தக் கண்ணாடிகள் இருந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம்?

கண்ணாடி தூரத்தைத் தருவதில்லை. 500 கெஜத்தில் வழக்கமான வேட்டைத் தோட்டாக்களுக்கு அரை நொடிக்கு மேல் பயண நேரம். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் வயிற்றில் படும். காயம்பட்ட மானை அந்த மலையில் இருட்டில் தேடுவது யாருக்கும் வேண்டாத வேலை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் ‘ஃபேர் சேஸ்’ என்று மிருகத்துக்கும் வாய்ப்புக் கொடுக்கும் வேட்டையை வலியுறுத்துவது. மிகத் தொலைவிலிருந்து சுடுவதை அவர்கள் பாராட்டுவதில்லை. எனக்கும் அதே கருத்துதான். இரண்டு கிலோமீட்டரில் மானைக் கண்டுபிடிப்பதன் பலனே, அது உங்களை அறியாதபோது பள்ளத்தில் இறங்கி, காற்றுக்கு எதிராக ஏறி, 250 மீட்டருக்குள் போய்ச் சேர அவகாசம் கிடைப்பது.

லேசர் தூரமானியில் 2,000 கெஜம் என்று எழுதியிருப்பது பளபளப்பான பலகைக்கு. மான் தோலுக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம்.

எல்லாம் வாங்கிவிட்டேன், மான் மட்டும் தெரியவே மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பது?

முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தான புல்லுக்கும் தண்டுக்கும் நடுவே படுக்கைவாட்டில் ஒரு முதுகுக் கோடு, ஈரமாக மின்னும் ஒரு மூக்கு, காதின் உட்புற வெளுப்பு, இப்படித் துண்டு துண்டாகத்தான் அது கண்ணில் படும்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள். கண்ணாடியைச் சூரியன் பக்கம் தப்பித்தவறியும் திருப்பாதீர்கள், ஒரு கணம் போதும், கண் போய்விடும். குளிர்காலக் காலையில் தெற்கு பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். சரிவை மனத்துக்குள் கட்டம் கட்டிக்கொண்டு, ஒரு வட்டத்தைப் பார்த்து முடித்ததும் பாதி வட்டம் மட்டும் நகர்த்துங்கள். நகர்த்தும்போது பார்க்காதீர்கள், நிறுத்தியபின் பாருங்கள்.

பத்து பதினொரு மணிக்கு எல்லோரும் எழுந்து போவார்கள். அப்போதுதான் நீங்கள் உட்கார வேண்டும். ஓக் நிழல் நகர்ந்து, படுத்திருந்த மானின் முதுகில் வெயில் விழும். முதலில் காது ஒன்று ஈயை விரட்டும். பிறகு இதுவரை பாறை என்று மூன்று தடவை தாண்டிப் போன சாம்பல் உருவம் முன்னங்காலை ஊன்றி எழுந்து, உடம்பை முறித்து, நாலடி நடந்து அடுத்த நிழலில் மறுபடி படுத்துக்கொள்ளும். மொத்தமே அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் உங்கள் கண்ணாடி அங்கே, ஆடாமல் இருக்க வேண்டும். இதற்கு ஒரு தடித்த மெத்தைத் துண்டு வேண்டும், உட்கார. பத்து டாலர்தான். வாங்க மறந்தால் 2,500 டாலர் பைனாகுலரும் ஒரு மணி நேரத்தில் பைக்குள் போய்விடும்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதையெல்லாம் கொண்டுபோகலாமா?

சாதாரண பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப், டிரைபாட் எல்லாம் கொண்டுபோகலாம். விலை உயர்ந்தது என்பதால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப எடுத்துவருவது என்றால் விமான நிலையத்தில் சுங்கத்திடம் சொல்லிவிடுங்கள். தெர்மல், நைட் விஷன் கருவிகளையும் துப்பாக்கி ஸ்கோப்பையும் எடுத்துப் போகாதீர்கள். அவை அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை, உரிமம் இல்லாமல் கொண்டுபோனால் குற்றமாகலாம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆனால் இந்தக் கண்ணாடிகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஜனவரியில் கோடியக்கரை உப்பளப் பக்கம் போனால் பூநாரைகள் கரையிலிருந்து வெகு தூரத்தில்தான் நிற்கும், 10×42-ல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். 65 மி.மீ. ஸ்கோப்பும் அந்த டிரைபாடும் இருந்தால் அலகின் கறுப்பு நுனி வரை பார்க்கலாம். வேதாரண்யம் பக்கமிருந்து காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் அங்கேயும் கானல்தான்.